எட்டாத வரிகள்

திருத்துறைப்பூண்டியில்
உரக்கடைக்கு மேலே ஓர் அறை.
மின்விசிறி மூன்றாம் எண்ணில் மட்டும் சுற்றும்.
யூரியா நெடியில் உட்கார்ந்து
முறைப்பாசனத்துக்கு நிரல் எழுதுகிறேன்.
மெகருன்னிசா, ஒப்பந்த ஊழியர்,
மாதம் பதினாறாயிரம், அதிலும் இரண்டு மாதம் பாக்கி.

எந்த மதகு, எந்த நாள்,
எத்தனை அடி, எத்தனை மணி.
அவ்வளவுதான் கணக்கு.

கருவிகள் எதையும் காசு கொடுத்து வாங்கவில்லை.
ஓட்டிப் பார்க்க ஒன்று,
ஒழுங்கு செய்ய ஒன்று,
சரிதானா என்று குடைந்து கேட்க இன்னொன்று.
யாரோ எழுதி, பூட்டாமல் விட்டுப் போனவை.
உரிமக் கோப்பைத் திறந்தால்
‘எந்த உத்தரவாதமும் இல்லை’ என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது.
தண்ணீர் திறப்பு அறிவிப்பு எதிலும்
இந்த வரியை நான் பார்த்ததில்லை.

ஒழுங்கு செய்கிற கருவியோடு முதலில் சண்டை.
இரண்டு இடம் விட்டால் நான்காக்கும்.
நான் மூச்சு விட்ட இடத்தில் மடக்காமல்
எண்பதாம் எழுத்தில் வரியை மடக்கும்.
பொருளைத் தொடாது. அதற்காகப் பொறுத்துக்கொண்டேன்.
பிறகு ஒரு நாள்
வேறு யாரோ எழுதிய கோணல் நிரலைப் பார்த்ததும்
கை தானாக அந்தக் கட்டளைக்குப் போனது.

சோதனைகள் நூற்றுப் பதினான்கு.
அத்தனையும் பச்சை.
ராத்திரி பதினொன்றேகால்,
எழுந்தவளை மூன்றாவது கருவி உட்கார வைத்தது:

வரி 212, 213, 214
ஒருமுறையும் எட்டப்படவில்லை.

தப்பு என்று சொல்லவில்லை.
சிவப்பாகக் காட்டியது.

திரும்பப் போய்ப் படித்தேன்.
தலைப்பில் இத்தனை கனஅடி வந்தால்,
அது ஒன்பது நாள் நின்றால்,
மேல்மடை முறை முடிந்திருந்தால்,
அதற்குக் கீழே அந்த மூன்று வரி:
உப்பங்காட்டுப் பிரிவைத் திற.
ஆறு மணி நேரம் விடு.
பதிவு செய்.

நான் உள்ளே போட்டது பதினோரு வருஷப் பதிவேடு.
பதினோரு வருஷத்தில்
அந்த மூன்றும் ஒரு நாள்கூட ஒன்றுசேரவில்லை.

லஸ்கர் பக்கிரிசாமிக்குப் போன் போட்டேன்.
தூக்கத்திலிருந்தே பேசினார்.
“அந்த ஷட்டரா? சாவி எங்கிட்டதாம்மா இருக்கு.
பூட்டுக்குள்ளதான் குளவி மண்ணு அடைச்சிருக்கு.
தண்ணி வராம இல்ல,
வரும், ஐப்பசியில, வானத்துலேருந்து.
வந்தா வடியாது.”

கருவியிடம் ஒரு யோசனையும் இருந்தது:
பயன்படாத பகுதி, நீக்கலாம்.
நீக்கினால் நூறு விழுக்காடு.

நீக்கவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தேன்.
ஒரு வருஷத்தை இட்டுக்கட்டினேன்.
காவிரிக்கு விசைப்பலகையில் தண்ணீர் விட்டேன்,
ஒன்பது நாள், கரை தொட்டபடி,
மேலே யாரும் எஞ்சின் வைத்து உறிஞ்சாமல்,
மறியல் இல்லாமல்.
ஓட்டினேன்.
212 பச்சை. 213 பச்சை. 214.
உப்பங்காட்டில் ஒரு நாற்றங்கால்
நனைந்த மாதிரியே இருந்தது
ஒரு நிமிஷம்.

காலையில் உதவிப் பொறியாளர் இளஞ்சேரலுக்கு அறிக்கை.
அவர் படிப்பது கடைசி எண்ணை.
“நூறா? மேலே அனுப்பிடலாம்.”
மேலே இருப்பவர்கள்
உப்பங்காட்டுக்குத் தண்ணீர் போகிறது என்று படிப்பார்கள்.

இந்தக் கருவியை எழுதியவர் எந்த ஊரோ,
அந்த ஊரில் ஆறு உண்டோ இல்லையோ.
எட்டாத இடத்தைக் காட்ட வேண்டும் என்று
ஒருவர் மெனக்கெட்டு யோசித்திருக்கிறார்,
சம்பளம் இல்லாமல்.

இட்டுக்கட்டிய வருஷத்தை எடுத்தேன்.
தொண்ணூற்றெட்டு.
மூன்று வரியும் சிவப்பாகத் திரும்பி வந்தன.
அவற்றுக்கு மேலே ஒரு குறிப்பு வைத்தேன்:

‘நிரல் சரி. தண்ணீர்தான் வரவில்லை.’

சேமித்ததும்
ஒழுங்கு செய்கிற கருவி அதற்கும் வந்து,
கடைசியில் நான் தெரியாமல் விட்டிருந்த
ஒரு வெற்றிடத்தை எடுத்துக்கொண்டு போனது.
பொருளைத் தொடவில்லை.